பிள்ளையின் காய்ச்சலும் தாயின் கண்ணும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் அரங்கில், ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் காய்ச்சலைப் பற்றிப் பேச ஒரு செவிலியை அழைத்திருக்கிறார்களே, இஃது என்ன பொருத்தம் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பள்ளிச் சான்றிதழோடு கல்வி முடிந்துவிடுமாயின் பொருத்தமில்லைதான். ஆனால் நள்ளிரவில், மின்சாரமும் நின்றுபோன வேளையில், ஒன்றரை வயதுப் பிள்ளையின் உடல் அனலாய்க் கொதிக்கும்போது என்ன செய்வது, என்ன செய்யாதிருப்பது, எந்த நேரத்தில் வாசலைத் தாண்டி ஓடுவது என்று முடிவெடுக்கிறவள் தாய். அந்த முடிவுக்குத் தேவையான அறிவைக் கல்வி என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஜான் கால்டுவெல் என்றோர் ஆஸ்திரேலிய அறிஞர் இருந்தார். இடையன்குடிக் கால்டுவெல் அல்லர், இவர் மக்கள்தொகை ஆய்வாளர். நைஜீரிய நாட்டில் இபாதான் நகரத்துக் குடும்பங்களை ஆராய்ந்து 1979-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். குடும்பத்தின் வருமானம், தகப்பனின் தொழில் ஆகியவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், பிள்ளை பிழைப்பதற்குத் தாயின் படிப்பு பெருங்காரணமாக நிற்கிறது என்பதே அவர் கண்ட முடிவு. ஏன் அவ்வாறு என்பதற்கு அவர் கூறிய விளக்கங்களுள் ஒன்று என் மனத்தில் ஆழப் பதிந்துள்ளது. படித்த தாய் மருத்துவரின் முன்னும் செவிலியின் முன்னும் ஒடுங்கி நிற்பதில்லை, தன் பிள்ளையைப் பார்க்கச் சொல்லிக் கேட்கிறாள், அவளுக்குப் பதிலும் கிடைக்கிறது என்றார் அவர். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவள் நான். அவர் சொன்னது உண்மை என்று சாட்சி கூறுகிறேன்.

நம் முன்னோர் இதை ஆய்வின்றியே அறிந்திருந்தனர். திருவிதாங்கூரில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்கும்வரை வயலில் இறங்கமாட்டோம் என்று மகாத்மா அய்யன்காளி தலைமையில் உழவுத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பஞ்சமி என்ற சிறுமியை அவர் ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது அந்தப் பள்ளியையே கொளுத்தினார்கள். அன்று பள்ளிக்குப் போக முடியாமற் போன பெண்பிள்ளைகளே பின்பு தாய்மாராயினர். அவர்கள் பிள்ளைகளை இழந்தமைக்கு அவர்களின் அறியாமையைக் காரணமாகச் சொல்லுகிறவர்கள், அந்த அறியாமையை யார் உண்டாக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் குமரி மாவட்டத்திற்குத்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர்க்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். இந்தப் படிப்பு நள்ளிரவுக் காய்ச்சலுக்கு முன்னால் பயன்படுகிறதா என்பதே இன்றைக்கு நம் முன்னுள்ள கேள்வி.

முதலில் தாயின் உள்ளங்கையைப் பற்றிச் சொல்லுகிறேன். பிள்ளையின் நெற்றியிலும் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்து, "சுடுகிறது" என்கிறீர்கள். இதை யாரேனும் ஏளனம் செய்தால் பொருட்படுத்தவேண்டாம். நெய்யூரில் 1838-ஆம் ஆண்டு டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கியபோது, வெப்பமானி மருத்துவர்களின் அன்றாடக் கருவியாகவில்லை. அக்காலத்து வெப்பமானி ஏறத்தாழ ஓரடி நீளம். அளந்து முடிக்க இருபது நிமிடம் ஆகும். சட்டைப் பையில் அடங்கும் ஆறு அங்குல வெப்பமானியை இங்கிலாந்தில் கிளிபோர்டு ஆல்பட் என்ற மருத்துவர் உருவாக்கியது 1860-களின் பிற்பகுதியில்தான். அதுவரை பெரிய மருத்துவருக்கும் உள்ளங்கையே துணை.

ஆயினும் கைக்கு ஓர் எல்லை உண்டு. பல நாடுகளில் தாய்மாரின் கையையும் வெப்பமானியையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். "சுடவில்லை" என்று தாயின் கை சொன்னால் பெரும்பாலும் அது சரியாக இருக்கிறது. "சுடுகிறது" என்று சொல்லும்போது பல வேளைகளில் மிகையாகிவிடுகிறது. அடுப்படியிலிருந்தோ வெயிலிலிருந்தோ வந்த கையும், குளிர்ந்த நீரில் துணி துவைத்த கையும் ஒரே உடம்பை வெவ்வேறாகச் சொல்லும். ஆகவே வீட்டுக்கொரு வெப்பமானி இருப்பது நல்லது. இப்போது கிடைக்கும் மின்னணு வெப்பமானி பாதரசமற்றது, விலையும் எட்டாததன்று. அக்குளை ஈரமின்றித் துடைத்து, அதன் நடுவில் முனையை வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்து, ஓசை எழுப்பும்வரை காத்திருங்கள். அக்குளில் 99.5 பாரன்ஹீட்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று நம் நாட்டுக் குழந்தை நலத் திட்டம் வகுத்திருக்கிறது.

இனி, காய்ச்சல் என்பது என்ன? நம் மாவட்டத்திலேயே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் காய்ச்சல் என்போம். விளவங்கோட்டுப் பக்கம் போனால் பனி என்பார்கள். ஒருவர் சூட்டைச் சொல்ல, மற்றவர் குளிரைச் சொல்லுகிறார். இருவரும் சரியே. கிருமி உள்ளே புகுந்ததும், உடம்பு தன் வெப்ப அளவைத் தானே உயர்த்திக்கொள்கிறது. அந்த உயர்ந்த அளவை எட்டும்வரை பிள்ளைக்குக் குளிர் நடுக்கம், எட்டியபின் சூடு, இறங்கும்போது வியர்வை. ஆக, காய்ச்சல் ஒரு நோயன்று. உள்ளே ஒரு போர் நடக்கிறது என்பதற்கான அடையாளம். போர் எதனோடு என்பதுதான் தெரியவேண்டும். சளிக் காய்ச்சலாக இருக்கலாம், நிமோனியாவாக இருக்கலாம், டெங்குவாக இருக்கலாம், மூத்திரப் பையில் கிருமியாக இருக்கலாம். வெப்பமானி இவற்றைப் பிரித்துச் சொல்லாது. 103 காட்டும் பிள்ளை மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் எழுந்து விளையாடக்கூடும். 100 மட்டுமே காட்டும் பிள்ளை துவண்டு, பால் மறுத்து, கண் திறவாது கிடக்கவும் கூடும். இவ்விருவரில் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியது இரண்டாவது பிள்ளையை. எண்ணைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணைப் பார்த்தபின் பிள்ளையைப் பாருங்கள் என்கிறேன்.

காய்ச்சல் மூளையில் ஏறிவிடும் என்ற அச்சம் நம்மிடையே மிகுதி. இது படியாதவர்களின் அச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். 1980-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரில் பார்ட்டன் ஷ்மிட் என்ற குழந்தை மருத்துவர் 81 பெற்றோரிடம் கேட்டறிந்தார். 104 அல்லது அதற்கும் குறைந்த காய்ச்சலே மூளையையும் நரம்பையும் கெடுத்துவிடும் என்று அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நம்பினர். அந்த அச்சத்திற்குக் காய்ச்சல் மருட்சி என்றே அவர் பெயர் சூட்டினார். சாதாரணத் தொற்றுக் காய்ச்சல் தானே மூளையை அழிப்பதில்லை. மூளைக்காய்ச்சல் போன்ற நோய்கள் அழிக்கும். அங்கே பகைவன் கிருமியே. தகரக் கூரையின் கீழ் அல்லது மூடிய வண்டிக்குள் வெயிலில் அடைபட்டு உடல் கொதிப்பது வேறு வகை. அதுவே உயிருக்கு ஆபத்து. அதைக் காய்ச்சலோடு குழப்பவேண்டாம்.

அப்படியானால் எதைக் கண்டு அஞ்சவேண்டும்? தாய்மார்களே, இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டிற்குக் கொண்டுபோங்கள். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்குக் காய்ச்சல் என்றால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாகாது, கைமருந்தும் வேண்டா, நேரே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அவ்வளவு சிறிய பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டுப் போவதும் காய்ச்சலைப் போலவே ஆபத்து. அதற்கு மேற்பட்ட பிள்ளையானால், பாலோ தண்ணீரோ குடிக்கவே முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகிய நான்கில் ஒன்று கண்டாலும் உடனே கிளம்புங்கள். கழுத்து விறைத்தாலும், அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள் தோலில் தோன்றினாலும், ஆறேழு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டாலும் அவ்வாறே.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதுவே பெரும்பாலும் தவறவிடப்படுவது: மூச்சு. பிள்ளைகளைக் கொண்டுபோகும் நோய்களுள் நிமோனியா முன்வரிசையில் நிற்பது. அதைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது எக்ஸ்ரே அன்று. தாயின் மடியும் ஒரு கடிகாரமுமே. பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இன்று எல்லார் கையிலும் உள்ள செல்பேசியில் விநாடி காட்டும் கடிகாரம் இருக்கிறது. அதற்கு இதைவிட நல்ல பயன் இருக்கமுடியாது. இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவை எட்டினாலோ கடந்தாலோ அது விரைவு மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுமானால் அது இன்னும் கொடிது. "இளைக்கிறது" என்று பொதுவாகச் சொல்லும் தாயைவிட, "நிமிடத்துக்கு 58 தடவை மூச்சு விடுகிறான், இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்" என்று சொல்லும் தாயை எந்த மருத்துவரும் வரிசையில் நிறுத்திவைக்கமாட்டார். நிறுத்திவைத்தால் மீண்டும் சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள்.

இந்த அடையாளங்கள் ஒன்றும் இல்லாத காய்ச்சலுக்கு வீடே மருத்துவமனை. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பால் ஆகாது என்பது ஆதாரமற்ற பேச்சு. ஆறு மாதம் நிறையாத பிள்ளைக்குத் தாய்ப்பாலே நீரும் உணவும், அடிக்கடி கொடுங்கள். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு உப்பிட்ட கஞ்சித் தண்ணீர், ஆறிய கொதிநீர், இளநீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். பசித்தால் குழைந்த சோறும் பருப்பும் கொடுங்கள். பட்டினி போட்டுக் காய்ச்சலை விரட்டியவர் எவருமில்லை. பேதியும் சேர்ந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் முழுமையாகக் கரைத்துக் கொடுங்கள். பாதிப் பொட்டலத்தைப் பிறகு பார்க்கலாம் என்று எடுத்துவைப்பது அளவைக் கெடுக்கும். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேனில் குழைத்து எதையும் நாக்கில் தடவவேண்டாம்.

கம்பளியைப் போர்த்தி, சன்னலை அடைத்து, அறைக்குள் புகைபோடும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. காய்ச்சலில் மூச்சுத் திணறும் பிள்ளைக்குப் புகை எமனாகும். மெல்லிய பருத்திச் சட்டை போதும். நடுங்கும்போது ஒரு துணி போர்த்துங்கள்; நடுக்கம் நின்றதும் எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் உடம்பைத் துடைத்துவிட்டால் பிள்ளைக்கு இதமாக இருக்குமாயின் செய்யலாம். அழுது நடுங்கினால் நிறுத்திவிடுங்கள். குளிர்ந்த நீரோ பனிக்கட்டியோ கூடாது. அது தோலைக் குளிர்விக்குமே தவிர உள்ளே சூட்டை ஏற்றும்.

மருந்தென்று ஒன்று வேண்டுமானால் அது பாராசிட்டமால். 101-க்கு மேல் ஏறிப் பிள்ளை துன்பப்பட்டால் மட்டும் கொடுக்கலாம். கணக்கு வயதைக் கொண்டதன்று, எடையைக் கொண்டது: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆறு மணி நேரம் கடக்குமுன் மறுமுறை இல்லை. ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் இல்லை. இங்கேதான் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. கடையில் இந்த மருந்து ஒரே அளவில் விற்கப்படுவதில்லை. பத்துக் கிலோ பிள்ளைக்கு வேண்டியது 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள குப்பியானால் அது 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள குப்பியானால் 3 மில்லி. சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருப்பதால் ஒன்றரை மில்லிதான். முதற்குப்பியின் பழக்கத்தில் சொட்டு மருந்தை 6 மில்லி ஊற்றினால் பிள்ளைக்கு நான்கு பங்கு போய்விடும். அது ஈரலைக் கெடுக்கும். ஆதலால் அங்கன்வாடியில் போட்ட எடையைச் சொல்லி, உங்கள் வீட்டுக் குப்பிக்கு எத்தனை மில்லி என்பதைச் செவிலியரிடம் எழுதி வாங்கி, குப்பியிலேயே ஒட்டிவையுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை இந்தக் கணக்கைப் போடமுடியும். பள்ளிக்கணக்கு எதற்குப் பயன் என்று கேட்கும் பிள்ளைகளிடம் இதைக் காட்டுங்கள்.

ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது. பெரியவர்களின் மாத்திரையை உடைத்துப் பாதி கொடுப்பதும் ஆகாது. நிமிசுலைடு என்ற மருந்தைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்குக் கொடுக்கலாகாதென்று இந்திய அரசு 2011-ஆம் ஆண்டு தடை செய்திருக்கிறது. இருமல் சிரப்புகளைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்லவேண்டும். 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில், நம் தமிழ்நாட்டிலேயே தயாரான ஒரு சிரப்பில் நச்சுப் பொருள் கலந்திருந்தமையால், சளிக்கும் காய்ச்சலுக்கும் அதைக் குடித்த பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அந்தத் தாய்மார் கடமை தவறியவர்கள் அல்லர், மருந்தென்று கொடுத்தார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இருமல், சளி சிரப்பு கொடுக்கலாகாதென்று அப்போது மத்திய அரசு மீண்டும் அறிவுறுத்தியது. அதற்கு மேற்பட்ட வயதிலும் அது பெரும்பாலும் வேண்டாததே.

ஊசியைப் பற்றியும் ஒரு சொல். "ஊசி போட்டால்தான் கேட்கும்" என்பது நம் மக்களின் பெருநம்பிக்கை. ஊசி போடாத மருத்துவரைத் திறமையற்றவர் என்று கருதி அடுத்த தெருவுக்குப் போகிறோம். அங்கே ஊசி போட்டு இருநூறு ரூபாய் வாங்குகிறார்கள். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது அரை நாள் உழைப்பு. வைரஸ் காய்ச்சலுக்கு ஊசியும் இல்லை, ஆன்டிபயாட்டிக்கும் இல்லை, நாள்தான் மருந்து. "ஊசி வேண்டாம், வீட்டுக்குப் போங்கள், இன்ன அடையாளம் கண்டால் திரும்ப வாருங்கள்" என்று சொல்லும் மருத்துவரே நல்ல மருத்துவர்.

வலிப்பைக் கண்டால் எவருக்கும் உயிர் போய்விடும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரையுள்ள பிள்ளைகளுள் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வருகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும், அறிவையும் கெடுக்காது. பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எச்சில் தானே வடியட்டும். பல்லிடுக்கில் கரண்டி நுழைக்காதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் கெடுதியில்லை, பயனுமில்லை. ஆனால் அதைத் தேடி ஓடும் நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்திருக்கலாம். ஐந்து நிமிடம் கடந்தால் 108-ஐ அழையுங்கள். முதன்முறை வலிப்பு என்றால், நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். ஜன்னி என்றும் தோஷம் என்றும் சொல்லி நெற்றியிலும் வயிற்றிலும் சூடு வைப்பார்கள். அந்தத் தழும்போடு வளர்ந்த பெரியவர்கள் இந்த மன்றத்திலேயே இருக்கக்கூடும். அந்தத் தழும்பு நம் தலைமுறையோடு நிற்கட்டும்.

அம்மையைப் பற்றிப் பேசாமல் போனால் உங்களுள் பலர்க்கு இந்த உரை நிறைவாகாது. முத்தாரம்மன் கோயில் இல்லாத ஊர் நம் பக்கத்தில் அரிது. உடம்பில் முத்துப் போட்டதும் வேப்பிலை வைத்து, அந்நியரை உள்ளே விடாமல், வீட்டைத் துப்புரவாக வைத்து, குளிர்ச்சியான ஆகாரம் கொடுப்பது நம் வழக்கம். இதை முழுவதும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தொற்று பரவாதிருக்க ஒதுக்கிவைத்தலும் துப்புரவும் இன்றைய மருத்துவமும் சொல்வனவே. ஆனால் அன்னைக்குக் கோபம் வந்துவிடும் என்று மருத்துவரை வாசலில் நிறுத்துவதுதான் உயிரைக் குடிக்கிறது. பெரியம்மை இந்தியாவில் 1975-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. மீந்திருப்பவற்றுள் தட்டம்மை கொடியது. மணல் வாரி இறைத்தாற்போல் தடிக்கும். அந்த முத்தைவிட, அதன் பின்னே வரும் நிமோனியாவும் பேதியும் கண் பார்வைக் கேடுமே பிள்ளையை அழிப்பவை. ஆகவே வேப்பிலையும் இருக்கட்டும், மூச்சையும் எண்ணுங்கள். மருத்துவர் கொடுக்கும் வைட்டமின் ஏ-யை வாங்கிக் கொடுங்கள். ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒன்று, ஒன்றரை வயதளவில் ஒன்று என இரு தடுப்பூசிகளைப் போட்டுவிட்டால் இந்த அம்மை பெரும்பாலும் வீட்டுக்கு வருவதே இல்லை.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு நின்ற நாள்களில் மரத்தில் கட்டிய சிரட்டைகளைக் கவிழ்த்துவைக்காவிட்டால், ஒவ்வொரு சிரட்டையும் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில். வீட்டு முற்றத்துப் பழைய டயருக்கும் அம்மிக் குழிக்கும் அதே கதைதான். அந்தக் கொசு பகலில் கடிப்பது. இரவில் கட்டும் வலை பகலில் உறங்கும் பிள்ளைக்கும் வேண்டும். 2012-இலும் 2017-இலும் தமிழகம் இந்த நோயால் பட்ட துன்பம் உங்களுக்கு நினைவிருக்கும். இதில் தாய்மார் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. மூன்று நான்கு நாள் காய்ந்தபின் காய்ச்சல் விட்டுவிடும். "அப்பாடா" என்று மூச்சுவிட்டு வேலைக்குக் கிளம்புவோம். டெங்குவின் ஆபத்தான வேளை அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் விட்ட பிள்ளை வயிற்றுவலி என்று அழுதாலும், ஓயாது வாந்தி எடுத்தாலும், மூக்கிலோ ஈறிலோ இரத்தம் கசிந்தாலும், கைகால் சில்லிட்டுத் துவண்டாலும் அந்த மணியே மருத்துவமனைக்குப் போகவேண்டும். இரண்டு நாளுக்கு மேல் எந்தக் காய்ச்சல் நீடித்தாலும் இரத்தம் சோதித்துப் பார்ப்பது முறை. நிலவேம்புக் குடிநீர் குடித்தோமே என்று சோதனையைத் தள்ளிப்போடவேண்டாம்.

இத்தனையும் தெரிந்த தாய் ஏன் சிலவேளை தாமதிக்கிறாள்? அவள் அண்டி ஆபீசுக்குப் போகிறவள். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அல்லது நடவுக்குப் போகிறவள். செங்கல் சூளைக்குப் போகிறவள். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போய் மாலையில் திரும்பும்போது, காலையில் தொடங்கிய காய்ச்சலின் வரலாறு அவளுக்குத் தெரியாது. மாமியாருக்கோ சொல்லத் தெரியாது. கையில் பணமில்லை, கணவனைக் கேட்கவேண்டும். கடைசியாக மருத்துவமனைக்குப் போனால், "இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்ற அதட்டல். இந்த அதட்டலை நான் பணிபுரிந்த இடங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். நல்ல புடவையில் வரும் தாயிடம் அதே கேள்வி "எப்போதிருந்து காய்ச்சல் அம்மா?" என்று மாறிவிடுவதையும் கேட்டிருக்கிறேன். ஒருமுறை அதட்டப்பட்டவள் மறுமுறை ஆறு மணி நேரம் பிந்தி வருகிறாள். அந்த ஆறு மணி நேரத்தைத் தாயின் அறியாமைக் கணக்கில் எழுதுவது எந்த நியாயம்?

இதற்கு நான் கண்ட எளிய ஆயுதம் ஒரு தாளும் பென்சிலும். காய்ச்சல் தொடங்கியதும் சுவரில் ஒரு தாளை ஒட்டுங்கள். மணி, வெப்பம், மூச்சு, குடித்தது, மூத்திரம், கொடுத்த மருந்து என ஆறு கோடு போதும். மாமியாருக்கு எழுத வராதென்றால், பிள்ளை மூத்திரம் போகும்போதெல்லாம் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பள்ளி விட்டு வரும் அக்காள் மற்றதை எழுதட்டும். அந்தத் தாளை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மேசைமேல் வைத்தால், அதன்பின் பேச்சின் தொனியே மாறிவிடும். எழுத்துக்கு அந்த வலிமை உண்டு.

இளைஞர்களே, பிள்ளைக் காய்ச்சல் பெண்களின் காரியம் என்று நீங்கள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாகாது. எந்த வீட்டில் இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். இரவில் கூப்பிட்டால் வரும் ஆட்டோ எது, 108 வண்டி நம் சந்துக்குள் திரும்பாதென்றால் எந்த முனையில் நிறுத்தச் சொல்வது என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். தகப்பன்மாரே, ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுத்துவிட்டால் உங்கள் பங்கு முடிந்துவிடாது. மூச்சை எண்ண உங்களுக்கும் கண் இருக்கிறது. மனைவி "கிளம்புவோம்" என்று சொன்னால், "விடியட்டும்" என்று சொல்லாதிருங்கள்.

மேடைக்கு வருமுன் ஒரு தங்கை என்னிடம் கேட்டாள்: "போன மாதம் தடுப்பூசி போட்டு இரண்டு நாள் பிள்ளை காய்ந்தாள், தொடை வீங்கிவிட்டது. இந்த மாதம் போடவேண்டாம் என்கிறார் மாமியார். என்ன செய்ய, அக்கா?" அந்தக் காய்ச்சல் உடம்பு பாடம் கற்றுக்கொள்வதன் அறிகுறி, ஓரிரு நாளில் தானே போய்விடும். செவிலியர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம்; வீக்கத்தின்மேல் குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம்; தேய்க்கவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, நான் முன்சொன்ன அடையாளம் எதுவும் தெரிந்தாலோ காட்டுங்கள். மற்றபடி, குறித்த நாளில் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள். மாமியாரையும் உடன் அழைத்துக்கொண்டு போ, தங்கச்சி. அவர்களும் செவிலியரிடமே நேரில் கேட்கட்டும்.